இலவ மரக் கணக்கும் கண்ணாடிப் பெட்டியும்

மூளை ஆராய்ச்சிக்கு வழிகாட்டியை ஹெச்-இண்டெக்ஸ் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? கேட்டிருப்பவர் கடமலைக்குண்டு வாசகி.

உங்கள் ஊர் இலவந்தோப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். மரம் என்பது ஆய்வுக் கட்டுரை. காய் என்பது பிறர் அதை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை. 10 மரங்கள் தலா 10 காய்களாவது காய்த்தால் ஹெச்-இண்டெக்ஸ் 10. ஒரே மரம் ஆயிரம் காய்த்தாலும் 1தான்! 2005-ல் இதை முன்வைத்த ஹிர்ஷ், சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர்.

அதே பல்கலைக்கழகம்தான் நம் வி.எஸ்.ராமச்சந்திரனும். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படிக்கும்போதே, 1972-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர். கையை இழந்த சிலருக்கு, இல்லாத கையில் வலிக்கும். பெட்டியில் கண்ணாடி பொருத்தி, இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டியே சிலரது வலியைக் குறைத்தார். 1990-களின் அந்த ஓரிரு கட்டுரைகள் உலகெங்கும் சிகிச்சைமுறையாகின. ஹெச்-இண்டெக்ஸில் அவையும் ஓரிரு எண்தான்.

பேராசிரியரின் கட்டுரை இரண்டையாவது படித்துவிட்டு மெயில் போடுங்கள்.