பெண்ணின் கணக்கு பெண்ணிடமே இருக்கட்டும்

மாதவிடாய் நாளைக் குறித்துவைக்கும் கைபேசிச் செயலிகள் தேதியோடு நிற்பதில்லை. வலி, மனநிலை, தாம்பத்திய உறவு, கருத்தரிக்கும் விருப்பம் என மருத்துவரிடம்கூடத் தயங்கிச் சொல்பவற்றையெல்லாம் கேட்டு வாங்குகின்றன.

வாங்கியவை எங்கே போகின்றன? கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்தும் ஃப்ளோ செயலி, இத்தகைய தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குத் தந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2021-இல் ஃப்ளோ சமரசம் செய்துகொண்டது. அத்தகவலைப் பெற்ற, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, கலிஃபோர்னியாவின் அந்தரங்கச் சட்டத்தை மீறியது என்று 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி தீர்ப்பளித்தது. கருக்கலைப்பு உரிமைக்கான அரசமைப்புப் பாதுகாப்பை 2022-இல் உச்ச நீதிமன்றம் பறித்த அந்நாட்டில், தள்ளிப்போன ஒரு தேதி வழக்கில் சான்றாகிவிடுமோ என்று பெண்கள் அஞ்சுவது நியாயமே.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, தகவல் கைபேசியிலேயே தங்குகிறதா என்பதுதான். ட்ரிப், யூக்கி போன்றவை அப்படித்தான் இயங்குகின்றன. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. ஒரு செயலி மின்னஞ்சலோ இருப்பிடமோ கேட்டால் யோசியுங்கள். செயலியை நீக்கிவிட்டால் நிறுவனத்தின் சர்வரில் உள்ளவை அழிந்துவிடாது. அழிக்கும்படி தனியே கேட்க வேண்டும்.

நமது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகக் கருதவில்லை. மத்திய அரசு இதைத் திருத்த வேண்டும். அதுவரை, மகளின் கைபேசியில் எந்தச் செயலி இருக்கிறது என்பதை இன்றே அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.