‘மரம்’ முன்னா, ‘மனம்’ முன்னா? ஹாஸ்கெல் வகுப்பறைக்கு ஒரு மறுப்பு

ஹாஸ்கெல் கற்பிக்கும் வகுப்பறைகளில் அடிப்படைத் தரவு வகைகள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகின்றன. முழு எண், பூலியன், கேரக்டர். கேரக்டர்களின் பட்டியலே ஸ்டிரிங். இவை யாவும் ‘ஆர்ட்’ என்னும் வரிசை வகுப்பைச் சேர்ந்தவை, ஆகவே ஒப்பிடலாம், அடுக்கலாம் என்று கூறிப் பாடம் நகர்கிறது. யாருடைய வரிசை என்ற கேள்வி எழுவதில்லை. தமிழ் மாணவர் நிறைந்த வகுப்பிலும் அது எழாதிருப்பதுதான் கண்டிக்கத்தக்கது.

நெருளில் ஒரு தமிழ்ச் சங்கம் தன் உறுப்பினர் பெயர்களைத் தமிழில் உள்ளிட்டு அடுக்குவதாகக் கொள்வோம். கனகா முதலில் வருவார், கமலா பின்னர் வருவார். ஒருங்குறியில் னகரத்தின் எண் 2985, மகரத்தின் எண் 2990 என்பதே காரணம். தொல்காப்பியம் முப்பது எழுத்துகளின் ஈற்றில் வைத்த னகரம் இங்கே பகரத்துக்கும் முன்னே நிற்கிறது. ‘மனம்’ ‘மரத்தை’ முந்துகிறது. புள்ளியின் எண் 3021 ஆதலால் ‘அகம்’ ‘அக்கா’வுக்கு முன்னே வருகிறது. ஆய்தமோ 2947, அகரத்துக்கும் முன்னே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிய எவரும் இவற்றைப் பிழை என்பர். ஆனால் நிரல்பெயர்ப்பி எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. ஆர்ட் வகுப்பு கோரும் விதிகள் அனைத்தையும் இவ்வரிசை நிறைவேற்றுகிறது. தமிழை மட்டும் நிறைவேற்றவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த அவலமும் அன்று. நெருளின் பள்ளிப் பிள்ளைகள் மராத்தி அரிச்சுவடியில் ஹகரத்துக்குப் பின் ளகரம் படிக்கின்றனர். ஒருங்குறி அதனை லகரத்துக்கும் வகரத்துக்கும் இடையே வைத்திருக்கிறது.

இதற்கு இருவகை மறுமொழிகள் வழக்கமாக வரும். ஒருங்குறியே குற்றவாளி, வேறு குறியேற்றம் வேண்டும் என்பது ஒன்று. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றதன் பின்னணியில் இவ்வாதமும் இருந்தது. ஆனால் குறியெண் அகரவரிசைக்கு உரியதன்று என்பதை ஒருங்குறியே ஒப்புக்கொண்டு, வரிசைப்படுத்தலுக்கெனத் தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதற்கென நூலகம் உண்டு, வகுப்பறைக்கு அது வேண்டாம் என்பது மற்றொன்று. மேப் போன்ற அமைப்பின் உள்ளே தேடலுக்கு எந்த வரிசையும் போதும் என்பது உண்மைதான். மனிதர் படிக்கும் பட்டியலுக்கு அது போதாது. மேலும், தரவு வகையின் பொருளைச் சிந்திப்பதே சார்பு நிரலாக்கத்தின் பெருமை என்று முழங்கிவிட்டு, எழுத்தின் வகையை மட்டும் நூலகத்திடம் தள்ளிவிடுவது எந்த நேர்மை?

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் ஹாஸ்கெல் ஐந்து என்கிறது. திருப்பிப் போட்டால் தனிப்புள்ளி முன்னே நிற்க, ‘மி’யின் இகரம் ழகரத்தில் ஏறி ‘ழி’ ஆகிறது. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கொடி’களைச் சமமல்ல என்று மொழி தீர்ப்பளிக்கிறது. கேரக்டர் தமிழ் எழுத்து அன்று. வரிசைப் பிழைக்கு முன்பே வகைப்பிழை நிகழ்ந்துவிட்டது.

எழுத்தை அதன் இலக்கணப்படி வரையறுத்துப் பார்க்கலாம்: உயிர் ஒன்று, அல்லது ஆய்தம், அல்லது மெய்யோடு ‘மேபி’ உயிர். உயிர்களையும் மெய்களையும் அரிச்சுவடி வரிசையிலேயே அறிவித்து, ஆர்ட் வகுப்பைத் தானாகப் பெறச் செய்தால் போதும். மேபியில் ‘நத்திங்’ எப்போதும் ‘ஜஸ்ட்’டுக்கு முந்தியது; ஆகவே க் முதலில், க அடுத்து, கா பின்னர். ‘அக்கா’ ‘அகத்தை’ முந்துகிறாள். பன்னிரண்டு, ஒன்று, பதினெட்டைப் பதின்மூன்றால் பெருக்கிய 234: கூட்டினால் 247. கிரந்த எழுத்துகளை மெய்களின் ஈற்றில் சேர்த்துக்கொள்ளலாம். ஒப்பீட்டுக்கென ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. வகைக் கூட்டலும் பெருக்கலும் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைப் பாடநூல்கள் தருவதில்லை; சீட்டுக்கட்டையும் வாரநாட்களையுமே தருகின்றன.

ஓர் இடையூறு உண்டு. ஆக்கிகளின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ஹாஸ்கெல் விதி. பெரியது சிறியது என்ற பேதமே அறியாத தமிழெழுத்தை அதன் முதன்மை நிரல்பெயர்ப்பி சிறிய எழுத்தாகவே கொள்கிறது. ஆகவே அகரத்துக்கு ‘அ’ என்றே பெயரிட இயலாது. முன்னால் ஒரு லத்தீன் எழுத்தைக் காவலுக்கு நிறுத்த வேண்டும்.