பிடிபடாத குற்றமும் நிரூபணமாகாத பழியும்

அளவையில் செய்யும் மோசடியை இஸ்லாம் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் நன்கறிவோம். திருமறையின் 83ஆவது அத்தியாயம் அளவில் குறைப்போரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும், தராசும் மரக்காலும் கடைவீதியில் மட்டுமே உள்ளன என்று எண்ணிவிடலாகாது. பந்தயக்களமும் ஒரு தராசே. போட்டியிடுவோருள் வல்லவர் யார் என்பதை அது நிறுத்துச் சொல்கிறது. அத்தராசின் ஒரு தட்டில் ஒருவர் இரகசியமாக எடையை ஏற்றி வைப்பாராயின், மறுதட்டில் நிற்பவர் தமக்குரியதை இழக்கிறார். இன்றைய விளையாட்டுலகில் ஊக்கமருந்து செய்துவரும் அநீதி இதுவேயாகும்.

மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். பாறையும் வேரும் சேறும் நிறைந்த மேடுபள்ளங்களில், ஒரு மணி நேரத்திற்கும் மேலாக மூச்சிரைக்க ஓட்டவேண்டிய கடும் போட்டி இது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இத்தகைய போட்டியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது, தசைகளுக்கு இரத்தம் எவ்வளவு பிராணவாயுவைக் கொண்டுசெல்கிறது என்பதே. 'இ.பி.ஓ.' என்னும் மருந்து தவறாகக் கையாளப்படுவது இதற்காகவே. இது நம் சிறுநீரகங்கள் இயற்கையாகச் சுரக்கும் ஒரு பொருள். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குவது இதன் பணி. சிறுநீரகம் பழுதுற்று இரத்தசோகையால் வாடும் நோயாளிக்கு இது பேருதவி. நலமுடன் இருக்கும் வீரர் இதனை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டாலோ, வலிமை கூடுவது மெய்யாயினும், இரத்தம் தடித்து உறைந்து இதயத்திற்கும் மூளைக்கும் கேடு விளையக்கூடும். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறந்தவர்க்கே இத்துணிவு வரும்.

1996ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் நடைபெற்ற உலக சாம்பியன் போட்டியில் பிரான்சு நாட்டு வீரர் ஜெரோம் ஷியோட்டி முதலாவதாக வந்தார். சுவிட்சர்லாந்தின் தாமஸ் ஃபிரிஷ்க்னெஷ்ட் இரண்டாமிடம் பெற்றார். இ.பி.ஓ.வைக் கண்டறியும் சோதனை அந்நாளில் இல்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதலாகக் கையாளப்பட்டது. எனவே, ஷியோட்டியை எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை. எந்த அதிகாரியும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவர் வாய்திறவாது இருந்திருந்தால் அப்பட்டம் இன்றும் அவர் பெயரிலேயே இருந்திருக்கும். ஆயினும், 2000ஆம் ஆண்டில் அவர் தாமாகவே முன்வந்து, இ.பி.ஓ.வின் துணைகொண்டே அப்போட்டியில் வென்றதாகப் பத்திரிகை ஒன்றில் அறிவித்தார். பட்டத்தைத் துறந்து, தம் பதக்கத்தை ஃபிரிஷ்க்னெஷ்டிடம் ஒப்படைத்தார்.

இச்செயலை நம் மார்க்க அளவுகோல் கொண்டு நோக்குவோம். இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவத்திற்குத் தவ்பாச் செய்ய மூன்று நிபந்தனைகள் உள்ளன என்பர் மார்க்க அறிஞர்கள். பாவத்தை விட்டுவிடுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதிபூணுதல் என்பன அவை. பாவம் பிற மனிதரின் உரிமையைப் பறித்ததாயின் நான்காவது நிபந்தனை ஒன்றும் சேர்கிறது. பறித்த உரிமையை உரியவரிடம் திருப்பித் தரவேண்டும். கண்ணீர் மட்டும் போதாது. பொருளும் திரும்ப வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிலிப் மெய்ர்ஹாக 2003ஆம் ஆண்டின் உலக சாம்பியன். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் இ.பி.ஓ. சோதனையில் சிக்கினார். மறுப்பேதும் கூறாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார். அதுவும் பாராட்டத்தக்கதே. எனினும், பிடிபட்டபின் மெய்யுரைப்பதற்கும், பிடிப்பாரே இல்லாதபோது மெய்யுரைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை உண்டு.

ஒன்றை இங்கு மறந்துவிடலாகாது. பதக்கம் திரும்பியது, நான்கு ஆண்டுகள் திரும்பினவா? வெற்றிமேடையில் முதலிடத்தில் நிற்கும் அந்த ஒரு கணம் திரும்பிற்றா? பிறருக்கு அநீதி இழைத்தவர், பொற்காசும் வெள்ளிக்காசும் செல்லாத அந்நாள் வருமுன், இம்மையிலேயே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததன் பொருள் இங்கே தெளிவாகிறது. காலந்தாழ்த்தத் தாழ்த்தத் திருப்பித் தர இயலாதவை பெருகிக்கொண்டே போகும்.

இனி, வீரர் தம் பொறுப்பை அறிந்தே மீறும் நிலை வேறு. அறியாமல் மீறும் நிலை வேறு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 1999இல் தோன்றியது. 2004 முதல் நடப்பிலிருக்கும் அதன் சட்டத்தின்படி, தம் உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பாளி. 'எனக்குத் தெரியாது' என்று கூறித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போட்டியின் வெற்றியைக் காத்துக்கொள்ள இயலாது. இது கொடுமையன்றோ எனச் சிலர் கேட்பர். திருமறையின் நான்காவது அத்தியாயம் கூறும் சட்டம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் ஐயம் நீங்கும். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் கொலைகாரர் ஆகமாட்டார். ஆயினும், இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்து விட்டுக்கொடுத்தாலன்றி, அவர்களுக்குரிய ஈட்டுத்தொகை நீங்குவதில்லை. கருத்தில் குற்றமில்லை என்பதால் பாதிக்கப்பட்டவரின் உரிமை மறைந்துவிடுவதில்லை.

ஆராய்ந்து உண்பது நமக்குப் புதிதன்று. கடையில் வாங்கும் இனிப்பில் எந்த விலங்கின் கொழுப்புக் கலந்துள்ளதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்த பின்னரே குழந்தைக்குக் கொடுக்கும் தாய்மார்கள் நம் இல்லங்களில் உள்ளனர். சத்துப்பொடி என்றும் மூலிகைச் சாறு என்றும் விற்கப்படுவனவற்றிலும் தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருப்பதுண்டு. அத்தாய்க்குள்ள விழிப்பு விளையாட்டு வீரருக்கும் வேண்டும் என்பதே சட்டத்தின் கோரிக்கை.

ஆனால், பொறுப்பு வீரருக்கு மட்டுமே உரியதன்று. பார்த்திருக்கும் நமக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் ஃப்ளூக்கிகர் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 2022 ஜூன் மாதம் அவரிடம் எடுக்கப்பட்ட மாதிரியில் 'செரனால்' என்னும் பொருள் மிகச் சிறிதளவு காணப்பட்டது. சில நாடுகளில் கால்நடைகளைக் கொழுக்கவைக்கப் பயன்படும் பொருள் அது. ஆகஸ்டில், ஐரோப்பிய சாம்பியன் போட்டி தொடங்கும் தறுவாயில், அவர் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டார். செய்தி உலகெங்கும் பரவியது. டிசம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அது மேலும் ஆராயப்பட வேண்டிய அறிகுறியேயன்றி, தடைவிதிக்கப் போதுமான முடிவன்று என்பது அப்போது வெளிப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் அவர் இழந்த போட்டிகளை யார் மீட்டுத் தருவது? நற்பெயரும் மனிதனின் உரிமைகளுள் ஒன்றன்றோ?

ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், ஐயங்களுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், பிறர் குற்றத்தைத் துருவித் திரியாதிருக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. வென்றவரையெல்லாம் 'மருந்தடித்தவர்' என்று பழிப்பது இன்று எளிதாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு விரலசைவில் பழி ஊர்சுற்றி வருகிறது. தடை நீங்கிய செய்தியோ வாசலைத் தாண்டுவதில்லை. திருடியவனைக் கண்டிக்கும் அதே மார்க்கம் அவதூறு பேசுவோனையும் கண்டிக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாமா?

போட்டியை இஸ்லாம் வெறுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சிபெற்ற குதிரைகளுக்கு நெடுந்தொலைவும், பயிற்சிபெறாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்தார்கள். சமமானவையே சமமாகப் போட்டியிட வேண்டும் என்னும் நீதி அதில் விளங்குகிறது. தோல்விகாணாத அவர்களின் ஒட்டகை அள்பாவை ஒரு நாட்டுப்புறத்தாரின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்ததெதுவும் ஒருநாள் தாழ்ந்தே தீரும் என்று உணர்த்தி நாயகம் (ஸல்) அவர்கள் அமைதியாக ஏற்றார்கள். தோல்வியை ஏற்கும் இந்த உள்ளம் இருந்தால் ஊசிக்கு வேலையில்லை.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டார்கள். இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அக்குவியலுக்குள் நுழையும் கை போன்றது. அக்கை சிலவேளை எட்டாது, சிலவேளை தவறாகவும் தொடும். எட்டாத இடமில்லாத, ஒருபோதும் தவறாத பார்வையோ இறைவனுடையது. வாய்களுக்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசி, கால்கள் சான்றுரைக்கும் நாளில், எந்தச் சோதனையில் தேறினோம் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

பிறர் உரிமையைப் பறிக்காத கரங்களையும், பிறர் பெயரைக் கெடுக்காத நாவையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.