பந்து துள்ளும் நேரத்தில் காபி கேட்கலாமா?

கணிப்பொறிச் சித்திரப் பொம்மைகளை நடமாட வைக்கும் 'அனிமேஷன்' கலையை இன்று வீட்டிலிருந்தே இணையம் வழியே கற்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2005-ல் மூன்று கலைஞர்கள் தொடங்கிய 'அனிமேஷன் மென்டார்' இதற்கு வழிகாட்டியது. நல்ல காரியந்தான். ஆனால், "வீட்டிலிருந்தே படிக்கிறாள்" என்பதைக் குடும்பத்தார், "சும்மாதானே இருக்கிறாள்" என்று எடுத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் தொல்லை!

திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள். முதல் பாடமோ துள்ளும் பந்து. அது இரும்பா, ரப்பரா என்பது துள்ளலிலேயே தெரியவேண்டும். இதற்கே பல இரவுகள் கரையும். நடுவே "காபி எங்கே?" என்றொரு குரல் வந்தால் பிடித்த கணக்கு நழுவிவிடும்.

கலிபோர்னியாவில் மாலை 7 மணிக்கு வகுப்பு என்றால், அங்கே கோடைக்காலத்தில், சென்னை மாணவிக்கு மறுநாள் காலை 7.30! பிள்ளைக்குத் தலைவாரும் நேரம். அந்த ஒரு மணி நேரம் கணவர் சீப்பை எடுத்தால் குடி முழுகிவிடாது.

வீடு தொல்லை மட்டுமல்ல, பாடசாலையுங்கூட. தத்தித் தத்தி நடக்கும் குழந்தையும், முழங்காலில் கையூன்றி எழும் மாமியாரும் கண்ணெதிரே இருக்கிறார்கள். மாமியாரின் பாரம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்று கவனித்துப் பொம்மைக்கு ஏற்றிக்கொண்டிருப்பவளிடம், "அரிசி களைந்தாயா?" என்று அந்த மாமியாரே அப்போது கேட்காமலிருக்க வேண்டும்!