மாட்டுக்கறியும் சாதியும்: ஜப்பானும் ஆம்பூரும் சொல்லும் பாடம்

ஜப்பானில் மாட்டுக்கறிச் சோறு எளிய மக்களின் அன்றாட உணவு. வெங்காயத்தோடு சோயாச் சாற்றில் வெந்த மெல்லிய கறித் துண்டுகளைச் சோற்றின்மேல் இட்டுக் கிண்ணத்தில் தருகிறார்கள். 'கியூடான்' என்பது அதன் பெயர். 1899இல் டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கிய யோஷினோயா என்னும் உணவகம் இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. தொழிலாளரும் மாணவரும் தனியாக வந்து அமர்ந்து, சில நிமிடங்களில் உண்டு செல்கின்றனர். உண்பவரின் பிறப்பை அந்தக் கிண்ணம் யாருக்கும் அறிவிப்பதில்லை.

நம் மண்ணில் அது அறிவிக்கிறது. மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ படிக்க வரும் ஒரு தலித் மாணவர் எந்த உணவகத்துக்குள்ளும் நுழையலாம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு அந்த உரிமையை உறுதி செய்கிறது. ஆனால் "வீட்டில் என்ன குழம்பு?" என்ற கேள்விக்கு மாட்டுக்கறி என்று விடை சொன்னால், அவருடைய சாதியோ மதமோ உடனே கணிக்கப்படுகிறது. உணவகத்தின் கதவைச் சட்டம் திறந்துவிட்டது. தட்டின்மீதான சாதியக் கண்காணிப்பு இன்னும் விலகவில்லை.

இக்கண்காணிப்பில் அரசு நிர்வாகமே பங்கேற்றதை 2022 மே மாதம் ஆம்பூரில் கண்டோம். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். இதைச் சாதி அடிப்படையிலான பாகுபாடாக ஏன் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஆணையம் எழுப்பிய கேள்வியோ இன்றும் நம் முன் நிற்கிறது.

அந்த விலக்கலுக்குச் சட்டத்தின் துணை இல்லை. தமிழ்நாட்டில் மாடு வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மாட்டுக்கறி உண்பதற்குத் தடை கிடையாது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தபோது, எதை உண்ண வேண்டும் என்று அரசு கட்டளையிடுவதை எவரும் விரும்பமாட்டார் என்ற கருத்தை நீதிபதி செலமேஸ்வர் பதிவு செய்தார். பொதுப் பணத்தில் பொது விருந்து நடத்தும் நிர்வாகம், ஒரு பகுதி மக்களின் உணவை மட்டும் ஒதுக்குமானால், அம்மக்களையே பொதுவிலிருந்து ஒதுக்குகிறது என்பதே பொருள்.

எனினும், உணவு பொதுவாகிவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் எண்ணிவிடலாகாது. அதற்கும் ஜப்பானே சான்று. அங்கு கி.பி. 675இலேயே பேரரசர் தென்மு மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தார். பிற்காலத்தில், இறந்த மாட்டை அகற்றித் தோல் பதனிட்டோர் 'எத்தா' என்று, அதாவது அழுக்கு மிகுந்தோர் என்று, இழிவுபடுத்தப்பட்டனர். 1871இல் அரசாணை அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கியது. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானது. கறி நாகரிகத்தின் அடையாளமாயிற்று. அதை அறுத்தவர்களின் வழித்தோன்றல்களான புராக்கு மக்கள்மீதான இழிவு மட்டும் திருமணத்திலும் வேலைவாய்ப்பிலும் தொடர்ந்தது. அவர்கள் 1922இல் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைக் கட்டிப் போராட வேண்டியிருந்தது. 2016இலும் புராக்கு பாகுபாட்டை ஒழிக்க ஜப்பான் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

அண்ணல் அம்பேத்கர் இவ்விரண்டு பக்கங்களையும் கண்டிருந்தார். 1927 மகாத் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு வலியுறுத்தியவர், 1948இல் வெளிவந்த தம் நூலில் மாட்டிறைச்சி உண்டதைத் தீண்டாமையின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். சுமத்தப்பட்ட இழிதொழிலை மறுப்பதும் விரும்பும் உணவை உரிமையாகக் கோருவதும் ஒரே சுயமரியாதையின் இரு முகங்கள்.

ஆகவே நம் கோரிக்கையும் இரண்டாக அமைய வேண்டும். அரசு நடத்தும் எந்த உணவு விழாவிலும் மாட்டுக்கறிக்கு மற்ற உணவுகளுக்கு இணையான இடம் வேண்டும். கறி வெட்டுவோருக்கும் தோல் பதனிடுவோருக்கும் நியாயமான கூலியும் பாதுகாப்பான பணியிடமும், பிறப்பால் அத்தொழிலில் கட்டுண்டு கிடக்காத வாய்ப்பும் வேண்டும். முதலாவதை மட்டும் வென்று நின்றால், ஜப்பானைப் போல ருசியைப் பொதுவாக்கிவிட்டு இழிவை உழைப்பவரிடமே விட்டுவைத்தவர்களாவோம்.