கால்பந்து வீரரின் உழைப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கால்வலியுடன் வரும் இளம் கால்பந்து வீரர்களிடம் எப்போது அடிபட்டது என்று கேட்டால், பலர் அடிபடவே இல்லை என்கின்றனர். அவர்கள் கூறுவது உண்மையே. ஆட்டக்காரர்களுக்கு வரும் பாதிப்புகள் யாவும் மோதலால் நேர்வன அல்ல. கீழ்க்கால் எலும்பில் விழும் மயிரிழை முறிவு, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணின் வலி, வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலின் கீழ் உண்டாகும் வீக்கம் ஆகியவை, உடல் தாங்கும் அளவை மீறி உழைப்பு பெருகுவதால் மெல்ல மெல்ல வருபவை.

ஒரு முழு ஆட்டத்தில் களவீரர் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். பெரிய கழகங்கள் வீரரின் தோள்பட்டைகளுக்கு நடுவே சிறு ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி, ஓடிய தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்கின்றன. ஆட்டத்தின்போதே அதனை அணிய 2015-இல் அனுமதி கிடைத்தது.

நம் கடற்கரை ஊர்களுக்கு அக்கருவி எட்டாதது. ஆயினும் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் வகுத்த முறைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரைக் கேட்க வேண்டும். அவர் 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்வார். அதனை ஆடிய நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய உழைப்பின் அளவு கிடைக்கும். 60 நிமிட எளிய பயிற்சிக்கு 4 என்றால் 240. 90 நிமிடக் கடும் ஆட்டத்துக்கு 8 என்றால் 720. ஒரு வாரத்தின் கூட்டுத்தொகை முந்தைய வாரங்களைவிடத் திடீரென உயர்ந்தால், ஓய்வு தேவை என்று பொருள். இவ்வெண் காயத்தை முன்னறிவிக்கும் சோதிடம் அன்று. கவனிக்கத் தூண்டும் ஒரு குறிப்பே.

இக்கணக்கை வீட்டாரும் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பயிற்சியாளர் காண்பது மைதானத்தை மட்டுமே. விடியுமுன் படகேறியதையும், உப்பளத்தில் மூட்டை சுமந்ததையும், தேர்வுக்காக இரவெல்லாம் விழித்ததையும் வீட்டார்தாம் அறிவர். உடல் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இக்கரையின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதனால் உடற்சூடு தணிவதில்லை. 2014 உலகக் கோப்பையில், பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நடந்த நெதர்லாந்து–மெக்சிகோ ஆட்டமே நீர் அருந்துவதற்காக நிறுத்தப்பட்டது. திருவிழாக் காலப் போட்டிகளை நடத்துவோரும் அவ்வாறு செய்யலாம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரின் இழப்பு என்று கொள்ளலாம்.

முன்னோர் அளந்து பார்த்தா உழைத்தார்கள் என்று சிலர் கேட்கின்றனர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் தம் மூச்சை மட்டும் நம்பி இறங்கியதில்லை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அது அசைந்ததும் மேலே இழுப்பார். அப்பொறுப்பை மைத்துனரிடம் ஒப்படைப்பது வழக்கம் என்று இங்கே சொல்வதுண்டு. உழைப்பவரின் எல்லையை அவருக்கு வேண்டிய இன்னொருவர் கவனித்திருப்பது நமக்குப் புதிதன்று.

வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும், அதனோடு கல்லூரி இடமும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் போய்விடும் என்றே பிள்ளைகள் அதனை மறைக்கின்றனர். ஆகவே, உழைப்புக் கணக்கு வீரரை விலக்கும் கருவியாக மாறலாகாது. பயிற்சியை ஓரிரு வாரம் குறைத்து, அணியிலேயே வைத்திருக்கப் பயிற்சியாளர்கள் முன்வர வேண்டும். தொடக்கத்திலேயே ஓய்வளித்த மயிரிழை முறிவு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மறைத்து ஆடினால் எலும்பு முழுதும் முறியக்கூடும்.

ஒரே இடத்தில் தொடரும் வலி, குறைந்த உறக்கம், காலையில் வழக்கத்தைவிட மிகுந்த நாடித்துடிப்பு ஆகியவை தென்பட்டால் மருத்துவரைக் காணுங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், அன்றே ஆட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். எங்கள் பரிசோதனைக்கு அது பெரிதும் உதவும்.