கூலிங் காயில் மாற்றுவதும் கல்வியே!



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் கார் பழுது பார்க்கத்தான் போவாய்!" நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை இது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும், பிள்ளையின் உள்ளத்தில் அது விதைக்கும் கருத்து என்ன? கையால் உழைப்பவன் படிப்பில் தோற்றவன். பட்டறை என்பது அறிவுக்கு வேலையில்லாத இடம். இவ்விரண்டும் உண்மையல்ல என்பதே என் துணிபு.

இதை வெறும் அறவுரையாகச் சொல்லிச் செல்ல விரும்பவில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதனுள் எவ்வளவு அறிவு அடங்கியுள்ளது என்று பார்ப்போம். மகிழுந்துக் குளிரூட்டியில் பழுதடைந்த ஆவியாக்கியை மாற்றும் வேலைதான் அது. பட்டறை வழக்கில் அதன் பெயர் 'கூலிங் காயில்'. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் ஏர்கோன் இல்லாமல் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்வது எத்தகைய துன்பம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூலிங் காயில் என்ன செய்கிறது?

புறங்கையில் சிறிது ஸ்பிரிட் தடவி ஊதிப் பாருங்கள், சில்லென்று இருக்கும். நீர்மம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று அறிவியல் பாடத்தில் நாம் கற்பிப்பது இதைத்தான். கூலிங் காயிலும் இதையே செய்கிறது. பல மகிழுந்துகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள், இயல்பான காற்றழுத்தத்தில் கழி 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தி, அதாவது 'கம்ப்ரசர்', அந்த வாயுவை நெருக்கி அனுப்புகிறது. முன்புறமுள்ள 'கண்டென்சர்' அதன் வெப்பத்தை வெளியேற்றி நீர்மமாக்குகிறது. அந்நீர்மம் சிறு துளையுள்ள 'எக்ஸ்பேன்ஷன் வால்வ்' வழியே நுழைந்து, அழுத்தம் குறைந்து, கூலிங் காயிலுக்குள் கொதிக்கிறது. அதற்கு வேண்டிய வெப்பம் வண்டிக்குள் உள்ள காற்றிலிருந்து கிடைக்கிறது.

காற்றிலுள்ள நீராவியும் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளில் பட்டு நீராக மாறுகிறது. நிறுத்திய வண்டிக்கு அடியில் சொட்டுவது அந்நீர்தான். எப்போதும் ஈரமாக இருக்கும் அவ்விடத்தில் தூசும் இலைத் துணுக்குகளும் படிந்து நாளடைவில் சேறாகின்றன, அலுமினியம் அரிக்கப்படுகிறது. ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் வாயு கசிந்துவிடும். காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது இதனால்தான் இன்றியமையாதது.

கூலி ஏன் அதிகம்?

"பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாக இருக்கிறதே! ஏமாற்றுகிறார்கள்!" என்று நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. விடை அப்பொருள் இருக்கும் இடத்தில் உள்ளது. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு வண்டிகளில் முதன்முதலாகக் குளிரூட்டியை அளித்தபோது, கூலிங் காயில் பின்னிருக்கைக்கும் பின்னால் வைக்கப்பட்டது. பொருள் வைக்கும் இடத்தில் பெரும்பகுதியை அது விழுங்கியது. 1954இல் நேஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் வண்டியின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. அவ்வமைப்பே பின்னர் பரவலாயிற்று. இடம் மிச்சமானது. ஆனால், கூலிங் காயில் முகப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

சில சிறிய வண்டிகளில் இடப்பக்கக் கையுறைப் பெட்டியைக் கழற்றினாலே அதனை உருவிவிடலாம். பலவற்றிலோ 'டேஷ்போர்ட்' முழுவதையும் இறக்கியாக வேண்டும். பல மணி நேரம் முதுகை வளைத்துச் செய்யும் வேலை. நாம் கொடுப்பது அந்த நேரத்துக்கும், எதையும் உடைக்காமல் பிரித்து மீண்டும் பொருத்தும் தேர்ச்சிக்கும் உரிய விலை.

வீட்டில் எதைச் செய்யலாம்?

பள்ளி விடுமுறையொன்றில் எங்கள் பழைய மகிழுந்தில் இவ்வேலையை வீட்டிலேயே செய்தோம். குளிரூட்டித் தொழிலில் உள்ள என் மைத்துனர் முன்னின்று செய்ய, நானும் பிள்ளைகள் இருவரும் துணை நின்றோம். அந்த இரண்டு நாளில் விளங்கிக்கொண்டதைக் கொண்டு வரிசையைச் சொல்கிறேன்.

1. கசிவு கூலிங் காயிலில்தான் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். குளிர் குறைந்தால் உடனே கூலிங் காயில் பழுது என்று பொருளல்ல. வடிகட்டி அடைப்பு, கண்டென்சர் விசிறி, அழுத்தி என வேறு காரணங்கள் பல உண்டு.

2. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசென்று, மீட்பு இயந்திரத்தால் வாயுவை முழுமையாக எடுத்துவிட வேண்டும். அதன் பின்னரே வீட்டு வேலை தொடங்குகிறது.

3. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். காற்றுப் பைகள் வெடித்து விரியும் ஆபத்து இருப்பதால் இதில் அவசரம் கூடாது. காற்றுப் பையைத் தொட்டே ஆக வேண்டிய வண்டியாயின், தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிடுக.

4. கழற்றும் திருகுகளைப் பகுதி பகுதியாகத் தனிப்பையில் இட்டு எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக்கொள்வது நலம்.

5. புதிய கூலிங் காயிலோடு புதிய 'ஓ-ரிங்' வளையங்கள், எக்ஸ்பேன்ஷன் வால்வ், ஈரம் உறிஞ்சும் 'டிரையர்' ஆகியவற்றையும் மாற்றுவது நல்லது. திறந்த குழாய்களின் வாயை உடனே மூடிவைக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரம் உட்புகுந்தால் உறுப்புகளை அரிக்கும்.

6. நீர் வடியும் குழாயைத் துப்புரவு செய்து, காற்றுப் பெட்டியின் பஞ்சு விளிம்புகளைச் சரியாக ஒட்டி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்ட வேண்டும்.

அழுத்தி எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும் வகை வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. வாயுவின்றி ஓட்டினால் அழுத்தி கெடும். மின் மகிழுந்துகளையும் கலப்பின வண்டிகளையும் வீட்டில் தொடவே கூடாது. அவற்றின் அழுத்தி உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது.

என் மகள் திருகுகளுக்குப் பெயரெழுதும் பொறுப்பை ஏற்றாள். "மாமா, இத்தனையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "நினைவு வேண்டாம்மா. ஒவ்வொரு திருகும் எதைத் தாங்குகிறது என்று பார். புரிந்துவிட்டால் கை தானாகப் போகும்" என்றார் மைத்துனர். மனனத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக நான் வகுப்பில் விளக்கியதில்லை.

எதைச் செய்யக்கூடாது?

வாயுவை எடுப்பதும் நிரப்புவதும் வீட்டு வேலையல்ல. குழாயைத் தளர்த்தி வாயுவை வெளியே விட்டுவிடலாம் என்று சிலர் எண்ணுவர். பீறிடும் குளிர்பொருள் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும். அதனினும் பெரிய கேடு வானத்துக்கு.

பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 வகைப் பொருள்கள் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். அண்டார்டிக்கா வானில் ஓசோன் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1985இல் வெளியிட்டனர். 1987இல் மொண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. ஆர்-12க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,300 முதல் 1,500 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. அதனால்தான் 2016இல் கிகாலியில் அவ்வகைப் பொருள்களையும் குறைக்க நாடுகள் உடன்பட்டன.

இதோ வகுப்பறைக்கு ஒரு கணக்கு. ஒரு சிறிய வண்டியில் 450 கிராம் வாயு உள்ளது எனக் கொள்வோம். 1,300ஆல் பெருக்கினால் 585 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் வெளியாகும். எனவே, அந்தச் சிறு வாயுவை வீணே திறந்துவிடுவது 250 லிட்டருக்கும் மேலான பெட்ரோலைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்!

நிரப்புவதற்குமுன் வெற்றிடமாக்கும் வேலையும் உண்டு. அழுத்தம் இயல்பு நிலையின் 25இல் ஒரு பங்காக இறங்கினால், நீர் 30 பாகையிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் தங்கிய ஈரத்தை இவ்வாறே ஆவியாக்கி வெளியேற்றுகிறார்கள். பின்னர், வெற்றிடம் நிலைக்கிறதா என்று பார்த்துக் கசிவின்மையை உறுதிசெய்து, இயந்திர அறையிலுள்ள ஒட்டுத்தாள் குறிப்பிடும் எடையளவு நிறுத்து நிரப்புகிறார்கள். இதற்கு வேண்டிய கருவியும் பயிற்சியும் பட்டறையில்தான் உள்ளன.

மறுப்புகளுக்கு என் மறுமொழி

"ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை? பட்டறைக்காரரின் பிழைப்பில் மண் போடுவதா?" என்று கேட்கலாம். எல்லோரும் வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் துணையின்றித் தொடங்கவே வேண்டாம். அவ்வாறு துணை நிற்பவருக்கு, உறவினரே ஆயினும், உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர் பிறகு கூலிக்குப் பேரம் பேச மாட்டார்.

"பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறதே!" என்றும் கேட்கலாம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. ஆயினும் புள்ளிகளின்மேல் நமக்குள்ள மோகம் தணிந்ததாகத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றொரு பாடம் இருக்கிறது. அதன் நேரத்தைக் கணிதத்துக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுக்கும் வழக்கம் இருந்தால், நண்பர்களே, அதை விட்டுவிடுவோம். மேலே சொன்ன வேலையில் கணிதமும் அறிவியலும் பிரிந்தா கிடக்கின்றன?

தொழிற்கல்வி மதிப்பற்ற கடைசிப் புகலிடமும் அன்று. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது; அதற்குமேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. தொழிற்கல்லூரிகளும் 2012 முதல் இயங்கி வருகின்றன. கருவிகளை ஆர்வத்தோடு பிரித்துப் பார்க்கும் மாணவனுக்கு இப்பாதையை ஒரு தண்டனைபோல் காட்டினால், விருப்பத்தோடு சென்றிருக்க வேண்டிய இடத்துக்கு அவன் வெட்கத்தோடு செல்வான். நம் சமுதாயத்துக்கு அது பேரிழப்பு.

வேண்டுகோள்

பெற்றோர்களே, அடுத்தமுறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லும்போது, மகனையும் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என்ன பழுது, ஏன் வந்தது, எப்படித் தெரிந்துகொண்டார் என்று தொழிலாளரிடம் பிள்ளைகளே மரியாதையோடு கேட்கட்டும். கழற்றிய பழைய கூலிங் காயிலைக் கேட்டு வாங்கிக் கழுவிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். அதைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருளை ஆசிரியர் எங்கே தேடுவார்?

ஆசிரியர்களே, 'படிக்காவிட்டால் பட்டறை' என்னும் சொல்லை இத்தோடு நிறுத்துவோம். 'பட்டறைக்குப் போவதாயினும் நன்றாகப் படி. அங்கும் அறிவு வேண்டும்' என்று சொல்வோம். அதுவே உண்மை.

சிந்திப்போம், செயல்படுவோம்!